‘என்னையப் பாத்துக்கிட்டேதானே வந்தீங்க?’: காரில் பேசி அனுப்பும் மெசேஜ் பற்றி ஓர் ஆக்டிங் டிரைவரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறேன். முதலில் லாரி, அப்புறம் ஒரு டிராவல்ஸில் வேன், கடந்த பதினொரு வருடமாக ஆக்டிங் டிரைவர். எனக்கென்று சொந்தக் கார் கிடையாது. கல்யாணத்துக்குக் கும்பகோணம் போக வேண்டும், அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், ராத்திரி ஃப்ளைட்டைப் பிடிக்கச் சென்னை போக வேண்டும் என்றால் எனக்குப் போன் வரும். போய் அவர்கள் காரை எடுப்பேன். திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு, பேட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். இதனால் ஒரே வாரத்தில் நாலு விதமான காரில் உட்கார வேண்டி வரும். போன மாதம் ஷோரூமை விட்டு வந்த வண்டியும் ஓட்டுவேன், பன்னிரண்டு வருடப் பழைய வண்டியும் ஓட்டுவேன்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன் நான். சமீபத்தில் புதிய கார்களில் வரும் வசதிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், வாயால் சொன்னாலே மெசேஜ் போய்விடும், அதனால் பாதுகாப்பு என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன புரட்டாசியில் நடந்தது இது. ஓனர் ஒருவரை மதுரை ஏர்போர்ட்டில் ஏற்றி வர, அவர் காரை எடுத்துக்கொண்டு திருச்சியிலிருந்து தனியாகப் போனேன். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத வண்டி. கிளம்பும்போது அந்த வீட்டுத் தம்பி, “அண்ணே, உங்க போனையும் கனெக்ட் பண்ணிட்டேன். அம்மா ஏதாவது மெசேஜ் போட்டா வண்டியே படிக்கும். பதில் சொல்லணும்னா ஸ்டியரிங்ல இந்த பட்டனை அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவே டைப் பண்ணி அனுப்பிடும். போனைத் தொடவே வேணாம்” என்றான். நல்ல எண்ணத்தில்தான் செய்து கொடுத்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் எனக்கு என்றைக்கும் கிடையாது.

விராலிமலை தாண்டியதும் மெசேஜ் வந்தது. வண்டி படித்தது. அம்மா நம் எல்லோரையும் போலத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள். வண்டியோ அதை ஆங்கிலம் என்று நினைத்து, ஆங்கில ராகத்தில் படித்தது. ‘ஃப்ளைட்’ என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஃப்ளைட் லேட்டா, சீக்கிரம் வந்துவிட்டதா, இல்லை கேன்சலா? மறுபடி படிக்க வைத்தேன். இந்தத் தடவை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். “ஃப்ளைட் அரை மணி நேரம் லேட். எங்க இருக்கீங்க, சாப்டீங்களா” என்பதுதான் விஷயம் என்று புரிந்தது. பட்டனை அமுக்கி, “விராலிமலை தாண்டிட்டேம்மா, ஒன்றரை மணி நேரத்துல போயிடுவேன்” என்றேன். நான் சொன்னதை வண்டி திருப்பிச் சொன்னது. ‘விராலிமலை’ அதற்கு எப்படி விழுந்ததோ, ‘விராட்’ என்று ஆரம்பித்து ‘மலேசியா’ என்று ஏதோ வந்தது. இதை அனுப்பட்டுமா, மாற்றட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மாற்று என்றேன். மறுபடி சொல்லச் சொன்னது.

இத்தனைக்கும் என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தது. கண் ரோட்டில்தான் இருந்தது. வேகம் எண்பதுக்கு மேலே, தொண்ணூறுக்குள். முன்னால் வண்டி இல்லை, நல்ல வெளிச்சம். சென்டர் மீடியனில் ஒரு கட். அதில் ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் பின்னால் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தேன். அவர் வண்டியை நகர்த்துகிறார். அதையும் பார்த்தேன். ஆனால் இந்தத் தடவையாவது அந்த மெஷின் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதியதா என்று என் மனசு காத்துக்கொண்டிருந்தது. பார்த்தது மூளைக்குப் போய், மூளை காலுக்குச் சொல்ல நேரமாகிவிட்டது. பிரேக்கை ஏறி மிதித்தேன். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி நின்றபோது அவருடைய புல்லுக்கட்டு பானெட்டின் இடது மூலையில் உரசிக்கொண்டிருந்தது. நாலைந்து தாள் முறிந்து பம்பர் மேல் விழுந்தது.

அவர் விழவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். காலை ஊன்றியபடி என்னைப் பார்த்து, “ஏண்ணே, என்னையப் பாத்துக்கிட்டேதானே வந்தீங்க?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே அவரைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். வண்டிக்குள்ளே அந்தக் குரல், அனுப்பட்டுமா மாற்றட்டுமா என்று மறுபடி கேட்டது. சர்வீஸ் ரோட்டில் இறக்கி நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடித்தோம். அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார். வீட்டில் இரண்டு பசு மாடு, தினமும் அந்த இடத்தில்தான் ரோட்டைக் கடப்பதாகச் சொன்னார். அவர் போன பிறகு இருபது நிமிடம் நான் வண்டியை எடுக்கவில்லை.

அன்று ராத்திரி இதை என் மகளிடம் சொன்னேன். அவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பார்த்துக்கொண்டே எப்படியப்பா தெரியாமல் போகும் என்று கேட்டுவிட்டு, இதைப் பற்றி யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேட ஆரம்பித்தாள். பத்து நாளாகத் தேடித் தேடிப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். அதிலிருந்துதான் இனிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் உடா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற பேராசிரியர் இதையே பல வருடமாக ஆராய்கிறார். டிரிபிள் ஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக, 2013-ல் இவரும் கூட இருந்தவர்களும் ஓட்டுபவரின் மனம் எவ்வளவு திசைதிரும்புகிறது என்று அளந்தார்கள். தலையில் மூளை அலையைப் பதிவு செய்யும் தொப்பியை மாட்டி, நிஜ ரோட்டில் ஓட்டச் சொன்னார்கள். சும்மா ஓட்டினால் ஒன்று, மனக்கணக்கும் சொல் ஞாபகமும் கலந்த கடினமான வேலையைச் செய்துகொண்டே ஓட்டினால் ஐந்து என்று ஓர் அளவுகோல் வைத்தார்கள். ரேடியோ கேட்பது ஒன்றுக்குச் சற்று மேலே. கையில் பிடிக்காமல் போன் பேசுவது 2.27. கையில் பிடித்துப் பேசுவது 2.45. பார்த்தீர்களா, இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வாயால் சொல்லி மெசேஜ் அனுப்புவது 3.06. கையில் போனைப் பிடித்துப் பேசுவதைவிட இதுதான் அதிகம். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டுபவரைப் பார்த்தால் நாம் எல்லோரும் திட்டுகிறோம். அதைவிட மனதை அதிகம் இழுக்கும் வேலையைத்தான் காரோடு சேர்த்து விற்கிறார்கள்.

அதே 2013-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் வேறு மாதிரி சோதித்தது. 43 பேரை மூடிய மைதானத்தில் ஓட்டவிட்டார்கள். ஒரு தடவை போன் இல்லாமல், ஒரு தடவை கையால் டைப் செய்துகொண்டு, அப்புறம் வாயால் சொல்லிக்கொண்டு. கையால் அடித்தாலும் சரி, வாயால் சொன்னாலும் சரி, எதிரே ஒன்று வந்தால் சுதாரிக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆனது. வாயால் சொல்லி முடிக்கத்தான் கொஞ்சம் அதிக நேரமும் பிடித்தது. ஆனால் ஓட்டியவர்களுக்கோ வாயால் சொல்வதுதான் பாதுகாப்பாகத் தோன்றியது. இதை மகள் சொன்னபோது அவளை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். விராலிமலை தாண்டி நான் இருந்த நிலையே இதுதான். கையில் போன் இருந்திருந்தால் பயந்திருப்பேன், வேகத்தைக் குறைத்திருப்பேன். கையில் ஒன்றும் இல்லாததால் பயமும் இல்லை.

இன்னும் ஒன்று. 2015-ல் ஸ்ட்ரேயர் குழு அந்த வருடத்து மாடலில் பத்துக் கார்களையும் போனில் நாம் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் மூன்று விதமான குரல் உதவியாளர்களையும் சோதித்தது. கார்களில் சோதித்தது மெசேஜ்கூட இல்லை, குரலால் போன் போடுவதும் பாட்டு மாற்றுவதும்தான். சொல்லி முடித்து, மெஷினும் வேலையை முடித்த பிறகும், ஓட்டுபவரின் மனம் முழுதாக ரோட்டுக்குத் திரும்பச் சில கார்களில் 27 விநாடி வரை ஆனது. நன்றாக அமைந்த கருவியிலேயே 15 விநாடிக்கு மேல். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். 27 விநாடிக்கு 540 மீட்டர். திருச்சி காவிரிப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். சிந்தாமணி பக்கம் பாலத்தில் ஏறி மாம்பழச்சாலையில் இறங்கும்வரை, பேச்சு முடிந்த பிறகும் மனம் பாதி இல்லாமல் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போதுதானே பேசுகிறேன் என்பவர்களுக்கும் இதுதான் பதில். பச்சை விழுந்து கிளம்பும்போது அந்த விநாடிகள் கூடவே வரும்.

இதெல்லாம் ஆங்கிலத்தில் பேசுபவர்களை வைத்து எடுத்த கணக்கு. தமிழில் பேசும் நமக்கு இன்னொரு தொல்லை உண்டு. அதை எந்த ஆராய்ச்சியிலும் நான் பார்க்கவில்லை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் ஒருவருக்கு அடிக்கடி வண்டி ஓட்டப் போவேன். ஊருக்குள் நான் ஓட்டுவேன், நாலு வழிச் சாலை வந்ததும் அவருக்கு ஆசை வந்துவிடும், என்னை இடது பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு அவர் எடுப்பார். நன்றாகவே ஓட்டுவார். அவருக்கு எல்லாம் மெசேஜ்தான். தமிழில் பேசினால் தமிழிலேயே எழுதும் வசதி போனில் 2017-லிருந்தே இருக்கிறது, அவர் அதைத்தான் பயன்படுத்துகிறார். டேஷ்போர்டு ஸ்டாண்டில் போன், வாயால் சொல்வார், கட்டை விரலால் அனுப்புவார்.

நம் மொழியில் வேண்டும், வேண்டாம் என்பது எங்கே வருகிறது? கடைசியில். வருவேன், வரமாட்டேன், கொடு, கொடுக்காதே எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. அன்று அவர் மண்டிக்குச் சொல்ல நினைத்தது, “நாளைக்கு வர்ற நாசிக் லோடை இறக்க வேணாம்” என்பது. ‘இறக்க’ என்று சொல்லும்போது ஒரு டிப்பர் இண்டிகேட்டர் போடாமல் உள்ளே வந்தது. அவர் பேச்சை நிறுத்தி, பிரேக் போட்டு, ஒதுங்கினார். டிரைவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தார். ஆனால் அவர் மௌனமானதும் மெஷின் அவர் முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டது. அவரும் டிப்பரைப் பார்த்த படபடப்பில் விரலைத் தட்டிவிட்டார். மண்டிக்குப் போனது, “நாளைக்கு வர்ற நாசிக் லோடை இறக்க”. அவர்கள் இறக்கிவிட்டார்கள்.

பணம் நஷ்டமானது அவர் கவலை. என் கவலை அடுத்த வாரம் ஆரம்பித்தது. மறுபடி அதே ரோடு, அதே மாதிரி மெசேஜ். முன்னால் ஒரு பஸ்ஸின் பிரேக் விளக்கு எரிந்தது. அவர் பார்த்துவிட்டார், எனக்குத் தெரியும். ஆனால் இந்தத் தடவை அவர் பேச்சை நிறுத்தவில்லை. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் பிரேக்கில் கால் வைத்தார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த என் வலது கால், பிரேக்கே இல்லாத இடத்தில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு விநாடிகூட இருக்காது, அரை விநாடி இருக்கும். அந்த வேகத்தில் அரை விநாடிக்குள் வண்டி பத்து மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

ஆசிரியர் அவர்களே, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். இந்த வசதி ஓட்டுபவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது. ரோட்டுக்காகப் பேச்சை நிறுத்தினால் மெசேஜ் கெட்டுப்போகும், முதலிலிருந்து சொல்ல வேண்டும். நிறுத்தாமல் பேசினால் ஒழுங்காகப் போகும். நாலு தடவை இப்படி நடந்தால் மனசு தானாகவே கற்றுக்கொள்கிறது, முதலில் வாக்கியத்தை முடி, அப்புறம் பிரேக். இருபது வருடம் ஓட்டியவருக்கே ஒரு வாரத்தில் இது படிந்துவிட்டது.

நான் லாரியில் கிளீனராகச் சேர்ந்தபோது எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த அண்ணன் நாமக்கல்காரர். ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே ஓட்டுவார். ஊர்க்கதை, குடும்பக் கதை, அவர் தங்கை கல்யாணக் கடன், எல்லாம் வரும். ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் பாதிச் சொல்லில் நிறுத்திவிடுவார். நான் அது தெரியாமல், “அப்புறம் என்னண்ணே ஆச்சு” என்று கேட்டால் இடது கையை மட்டும் லேசாகத் தூக்குவார். பேசாதே என்று அர்த்தம். வண்டியைத் தாண்டி, லெஃப்ட்டில் வந்து, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே கதையைத் தொடருவார். ஒரு மாதத்தில் நானும் பழகிவிட்டேன். எதிரே வெளிச்சம் வந்தால் நானே வாயை மூடிக்கொள்வேன். “ரைட்ல சைக்கிள்ணே” என்று மட்டும் சொல்வேன்.

கூட இருக்கும் மனிதனுக்கு இது தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் மனைவிக்கும் தெரியும், “பார்த்து, பார்த்து” என்பார்கள், பேச்சை விட்டுவிடுவார்கள். 2008-ல் உடா பல்கலைக்கழகத்தார் ஓட்டும் பயிற்சி மெஷினில் வைத்து இதையும் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசியவர்களில் பெரும்பாலோர் இறங்க வேண்டிய வழியைச் சரியாகப் பிடித்தார்கள், போனில் பேசியவர்கள் பலர் தவறவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் ரோட்டைப் பார்த்துப் பேச்சைக் குறைத்தார், வழியையும் ஞாபகப்படுத்தினார். மெசேஜ் எழுதும் மெஷினுக்கு எதிரே வரும் லாரி தெரியாது. நாம் மௌனமானால் அது கேள்விதான் கேட்கும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தான ஓட்டுதல் என்று சேர்த்திருக்கிறார்கள். முதல் தடவைக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடுமையான சட்டம்தான், நான் வரவேற்கிறேன். ஆனால் அதில் உள்ள சொல் ‘கையில் பிடிக்கும்’ என்பது. கை இல்லாமல் செய்வதை அது தொடவில்லை. அதனால் மக்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்றால், கையில் பிடித்தால் தப்பு, பிடிக்காவிட்டால் சரி. சட்டம் தடுக்காததை எல்லாம் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 49 பேர். இவற்றில் எத்தனையில் ஓட்டியவரின் மனம் ஒரு மெசேஜில் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நான் இரண்டு தடவை சாட்சியாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறேன். எஃப்.ஐ.ஆரில் எழுதுவது, “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்பதுதான். அந்த ‘அஜாக்கிரதை’ என்ற ஒரே சொல்லுக்குள் தூக்கம், போன், குடும்பச் சண்டை, இப்போது வண்டியோடு பேசுவது, எல்லாம் போய் அடைந்துகொள்கிறது. அன்று அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் பெயருக்குப் பக்கத்திலும் அதே சொல்தான் இருந்திருக்கும். வண்டி என்னிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தது என்பது எங்கேயும் பதிவாகியிருக்காது.

எனக்குப் புது வசதிகள் மேல் கோபம் இல்லை. ஒரு வார்த்தையில் ஏசியைக் குறைக்கலாம் என்றால் நல்லது. திரும்ப வேண்டிய இடத்தைக் குரலில் சொல்வது என்னைப் போன்றவனுக்குப் பெரிய உதவி. தெரியாத ஊரில் கண்ணாடியை இறக்கி வழி கேட்டுக்கொண்டு நின்ற காலம் எனக்குத் தெரியும். அவசரத்துக்கு 108-க்குப் போன் போடச் சொல்லலாம். இதெல்லாம் சொன்னால் முடிந்துவிடும் வேலை. மெசேஜ் அப்படி இல்லை. வந்ததைக் கேட்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், பதில் யோசிக்க வேண்டும், சொல்ல வேண்டும், மெஷின் எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும், தப்பென்றால் முதலிலிருந்து வர வேண்டும். ஹைவேயில் டவர் போய்விட்டால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், கண்ணும் அதிலேயே நிற்கும்.

கார் டெலிவரி எடுக்கும்போது ஓனர்கள் என்னையும் கூட்டிப் போவது வழக்கம். மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். அப்புறம் ஷோரூம் தம்பி அரை மணி நேரம் வசதிகளைச் சொல்லிக் கொடுப்பார். குரல் வசதி வரும்போது வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு ஷோரூமில் அந்தத் தம்பி, “சார், இனிமே போனையே தொட வேணாம், மெசேஜ்கூட வாயாலேயே அனுப்பிடலாம். ஃபுல் சேஃப்டி” என்றார். ஓனர் தலையாட்டினார், நானும் தலையாட்டினேன். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் போனிலேயே ஓட்டும்போது மெசேஜ் வராமல் நிறுத்தி வைக்கும் வசதியும் இருக்கிறது. ஐபோனில் 2017-லிருந்தே உண்டு, மற்ற போன்களிலும் வந்துவிட்டது. வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று ஐபோன் தானாகவே பதிலும் அனுப்பிவிடும். இதை எந்த ஷோரூமிலும் எனக்கு யாரும் காட்டியதில்லை. என் மகள்தான் காட்டினாள். டெலிவரி நாளில் மற்றதைக் காட்டும்போது இதையும் ஐந்து நிமிடம் காட்டி, அங்கேயே செட் செய்து கொடுத்து அனுப்பக் கூடாதா? கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் யோசிக்க வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். என் மகள் போன வருடம் எல்.எல்.ஆர் எழுதினாள். அவளுக்கு வந்த கேள்விகளில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. லைசென்ஸ் வாங்கும் வயதில் இருக்கும் பிள்ளைகள்தான் வண்டியோடு பேசிக்கொண்டே வளரப்போகிறவர்கள். கையில் பிடிக்காவிட்டாலும் மனம் போய்விடும் என்பதற்கு ஒரு கேள்வியாவது வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்கள் பாசத்தில் கேட்கிறார்கள். “எங்க வர்றீங்க, சாப்டீங்களா” என்று கேட்பதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வண்டிக்குள் வந்து விழும்போது எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. நான் இப்போது கிளம்பும்போதே சொல்லிவிடுகிறேன். “அம்மா, நான் கிளம்பிட்டேன். துவரங்குறிச்சியில டீ குடிக்க நிறுத்துவேன், அப்போ போன் பண்றேன். நடுவுல மெசேஜ் போட்டா எனக்கு வராது.” முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். இப்போது அவர்களே, “டீ குடிச்சாச்சா” என்று அந்த நேரத்துக்குச் சரியாகக் கேட்கிறார்கள். மண்டிக்காரரிடமும் சொன்னேன். இப்போது அவர் மெசேஜ் அனுப்ப வேண்டும் என்றால் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அனுப்புகிறார். அவர் ஒத்துக்கொண்டது அவர் பெருந்தன்மை.

கடைசியாகத் தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் வாகனப் பக்கத்துக்காக நிருபர் அடுத்த தடவை புதுக் காரை ஓட்டிப் பார்க்கும்போது, மைலேஜ், பிக்கப், பூட் இடம் எல்லாம் எழுதுவதோடு இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தமிழில் ஒரு சின்ன மெசேஜ் அனுப்பி முடிக்க எத்தனை விநாடி ஆனது, எத்தனை தடவை திருத்த வேண்டி வந்தது, எத்தனை தடவை கண் திரைக்குப் போனது. ஆள் இல்லாத மைதானத்தில் வைத்துச் செய்து பார்க்கட்டும். எண்ணுவதற்குப் பக்கத்தில் வேறு ஒருவரை உட்கார வையுங்கள், ஓட்டுபவர் எண்ண வேண்டாம்.

என் பெயரைப் போட வேண்டாம். நான் சொன்ன ஓனர்கள் எல்லோரும் தங்கள் நாளிதழ் வாசகர்கள், அவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது.

இப்படிக்கு,
ஓர் ஆக்டிங் டிரைவர்,
உறையூர், திருச்சி.